பந்து விழுகிற இடம்

பாவா,

கொல்லைப்பக்கத்திலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க இன்னும் நாளிருக்கிறது. எழுந்துபோய்ப் பார்த்தேன்.

அக்கா கிணற்றடிக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். உங்கள் கான்வாஸ் ஷூ ஒன்றுக்குள் இடது கையை மணிக்கட்டுவரை விட்டிருந்தாள். வலது கையில் துணிச்சுருள். பக்கத்துக் கொட்டாங்கச்சியில் சுண்ணாம்புக் கரைசல், அதில் கொஞ்சம் நீலம். அவசரமில்லாமல் பூசிக்கொண்டிருந்தாள். இன்னொரு ஷூ, பூசி முடித்தது, வெயிலில் சுவரோரம் சாய்ந்திருந்தது.

நான் வந்தது அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை.

இரண்டு வருஷமாக அந்த ஷூ எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியாது. தேடியிருக்கிறேன். கிணற்றில் போட்டிருப்பாள் என்று முடிவுகட்டியிருந்தேன்.

நாளைக் காலை பட்டணம் போகிறேன். கோல்ஃப் பந்தயம் பார்க்க. அனுமதிச் சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது. அதே கிளப். அதே மார்கழி. இடையில் சுதந்திரம் வந்துவிட்டது. கிளப்பில் நம்மவர்கள் சிலரும் அங்கத்தினர் ஆகிவிட்டார்களாம். சீட்டின் பின்புறத்து வரி மட்டும் மாறவில்லை: பார்வையாளர்கள் காலணி அணிந்து வருதல் அவசியம்.

படித்ததும் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிளப்பின் மேல் என்று ஆரம்பித்தால் அது முருகன் மலைக்குப் போகிறது. மலையிலிருந்து அக்காவிடம். அக்காவிடமிருந்து உங்களிடம் வந்து நின்றுவிடுகிறது. அங்கிருந்து நகரமாட்டேன் என்கிறது.

அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் யுத்தத்திலிருந்து திரும்பிய மத்தியானம் நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனில் இருந்தோம். பாசஞ்சர் வண்டி நின்றது. மூட்டையோடு இறங்கினீர்கள். நீங்கள் சிப்பாயில்லை, எகிப்தில் பட்டாளத்துக் கிடங்கில் குமாஸ்தா. இருந்தாலும் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். நடந்து வரும்போது அது தரையில் சத்தம் போட்டது. அக்கா தன் புருஷனின் முகத்தைப் பார்ப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் காலைப் பார்த்தாள்.

"அத கழட்டுங்க."

"இன்னாது, வந்ததும் வராததுமா?"

"கழட்டுங்கன்றேன். வேண்டுதல் கீது."

நீங்கள் உயிரோடு திரும்பினால், மலையேறிக் காவடி செலுத்துகிறவரைக்கும் உங்கள் காலில் செருப்பு ஏறாது. முருகனோடு அவள் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. ஒப்பந்தத்தில் அடகு வைத்தது உங்கள் காலை. உங்களைக் கேட்கவில்லை.

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து கழற்றினீர்கள். சூட்டில் குதித்துக் குதித்து நடந்துகொண்டே என் காதோடு சொன்னீர்கள்: "மேஜர் கூட இப்டி ஆர்டர் போட்டது இல்ல மச்சான்."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி என்று பேச்சு. ஆடிக்கு முன்னால் உங்கள் இருமல் வந்துவிட்டது. வந்துவிட்டது என்பது சரியில்லை. கூடவே வந்திருந்தது, மூட்டைக்குள் இருந்தது போல. டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, படியேறக் கூடாது என்றார். உங்கள் ஊரான பொதட்டூர்பேட்டையில் அப்போது டாக்டர் இல்லை என்று நைனா உங்களை எங்கள் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். காவடி தள்ளிப்போயிற்று. காவடியோடு செருப்பும்.

அந்தக் கதையை நீங்கள் ஒரே தடவைதான் முழுதாகச் சொன்னீர்கள்.

சோளக்கொல்லை ஓரம், கயிற்றுக் கட்டில். நீங்கள் படுத்திருந்தீர்கள். நான் பி.ஏ. எழுதிவிட்டு வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பி, உங்களுக்குத் துணை என்ற பெயரில் உட்கார்ந்திருந்தேன். எகிப்தில் ஒரு நாள் லாரியில் போய்க்கொண்டிருந்தீர்களாம். ஒரு வேலியோரம் லாரி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரிகள் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாலைவனத்தில். புல் கிடையாது.

"மணல்ல எண்ணெய ஊத்தி அமுக்கி வெச்சிருந்தான் மச்சான். அதுல ஒரு குழி. குழில ஒரு கொடி."

ஓர் அதிகாரி மட்டையை ஓங்கினார். பந்து எழும்பியது. அவ்வளவு உயரத்துக்கு ஒரு பொருள் சத்தமில்லாமல் போய் நீங்கள் பார்த்ததில்லை. அது உச்சிக்குப் போன சமயம் லாரி கிளம்பிவிட்டது. கூடாரங்கள் மறைத்துக்கொண்டன.

"எழும்பினத பாத்தேன். விழுந்தத பாக்கலை."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள்.

"கெடங்குல எனக்கு அதான் வேலை. குண்டுப் பெட்டி வரும். நம்பர் போட்டு வண்டில ஏத்துவேன். போயிக்கினே இருக்கும். எங்க போயி விழுந்துச்சி, யார் தலைல விழுந்துச்சி, எவனும் சொன்னது இல்ல. ஒண்ணாவது சும்மா புல்லு மேல விழறத பாக்கணும் மச்சான். அவ்ளோதான்."

பல்கலைக்கழகத்தில் அதற்குப் பாடம் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் என்னோடு படித்தவனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அவனுடைய மேனேஜர் துரை ஒரு கிளப்பில் அங்கத்தினர். அங்கே மார்கழியில் கோல்ஃப் பந்தயம். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் இல்லை. அதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள். சீமையிலிருந்து ஒருவர். வடக்கேயிருந்து சிலர். துரையிடம் கேட்டு இரண்டு சீட்டு வாங்கிவைக்கிறேன் என்று எழுதியிருந்தான்.

நான் படித்துக் காட்டினேன். நைனா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பந்து அடிச்சா கூலி தர்றானா?" என்றார்.

"கூலி இல்ல மாமா," என்றீர்கள். "அதுவே உத்தியோகம்."

"அடிச்சி இன்னா பண்ணுவான்?"

"குழில போடுவான்."

"போட்டு?"

"எடுத்துக்கினு அடுத்த குழிக்குப் போவான்."

நைனா உள்ளங்கையிலிருந்த தோலை ஊதினார். "வெதைய போட்டாலாவது மொளைக்கும். இத வேடிக்க பாக்க ரயிலேறிப் போணுமா மாப்ள?"

"ஆங், போணும்."

அப்படி ஒரு 'ஆங்' உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் கூடத் தோளைக் குலுக்குகிறவர் நீங்கள்.

சீட்டு வந்தது. திருப்பிப் பார்த்தேன். காலணி வரி.

அக்கா அப்போது அடுப்படியில் இருந்தாள். அந்த வரியை நான் தமிழில் சொன்னேன். ஊதுகுழல் சத்தம் நின்றது. திரும்ப ஆரம்பித்தது. அவ்வளவுதான் அவள் பதில்.

இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. ஓரிடத்தில் செருப்போடு ஏறக் கூடாது. இன்னோரிடத்தில் செருப்பில்லாமல் நுழையக் கூடாது. இரண்டு இடத்திலும் புல்லும் கல்லும் தரையும்தான். தரைக்கு யாருடைய கால் என்று தெரியாது. நடுவில் நீங்கள், சூட்டில் வெடித்த பாதத்தோடு, இரண்டு பக்கத்துச் சட்டத்தையும் மதித்துக்கொண்டு.

நான் வாதாடிப் பார்த்தேன். படித்தவன் வேறென்ன செய்வான்? அரக்கோணம் போய் அந்த கான்வாஸ் ஷூவை வாங்கி வந்தேன். தோல் இல்லை. மேலே துணி. கீழே ரப்பர், மரத்துப் பால். வேட்டி கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அக்காவைக் கேட்டேன்.

"வேட்டி கால்ல குத்தறத தடுக்குமாடா?"

"தடுக்காது."

"இது?"

"தடுக்கும்."

"அப்ப இது செருப்பு. கல்லு குத்தணும். அதுக்குத்தான வேண்டிக்கினது." ஷூவை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "வெள்ளையா நல்லாத்தான் கீது," என்று சொல்லிவிட்டுத் தாளில் சுற்றி மச்சின்மேல் வைத்தாள்.

நீங்கள் அந்த வாதத்தில் வாயைத் திறக்கவேயில்லை. எனக்கு முதல் கோபம் அங்கே.

ஆனால் ஏற்பாடுகள் நிற்கவில்லை. நீங்கள் நிறுத்தவிடவில்லை.

கல்லூரி வாசகசாலையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் கோல்ஃப் பார்க்கிறவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றிப் படித்திருந்தேன். ஞாபகத்திலிருந்து உங்களுக்குச் சொன்னேன். உட்கார்ந்து பார்க்கிற ஆட்டமில்லை. ஆடுகிறவன் பின்னாலேயே நடக்கவேண்டும். அவன் பந்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் நாமும் நின்றுவிடவேண்டும். நம் நிழல் அவன்மேல் விழக் கூடாது. பேசக் கூடாது. கை தட்டக் கூடாது. இருமக் கூடாது.

வாய்தவறி வந்துவிட்டது. நீங்கள் அரைப் புன்னகையோடு என்னைப் பார்த்தீர்கள்.

"அதயும் பழகிக்கலாம்."

சாயங்காலம் நந்தி ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்கு ஓடியது, மிச்சமெல்லாம் மணல். அக்காவும் கவணை எடுத்துக்கொண்டு வந்தாள். சோளக்கொல்லையில் கிளி ஓட்டுகிற கவண். அவள் சுழற்றினால் கல் பனைமரத்துக்கு மேலே போகும் என்று உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அதைச் சொல்லித்தான் பெண் பார்த்தேன் என்பீர்கள். அவள் ஆடுகிறவன். நாம் பார்க்கிறவர்கள். அவள் கல்லை வைத்து நின்றதும் நாம் நிற்கவேண்டும். நீங்கள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணை மேலே வைத்தீர்கள்.

கவண் சுழல ஆரம்பித்ததும் இருமல் வந்தது. ஒவ்வொரு தடவையும், சரியாக அப்போதுதான். அக்கா கவணைத் தாழ்த்தினாள்.

"நீங்க இருமி முடிங்க. கல்லு காத்துக்கினு இருக்கும்."

"அவன் காத்துக்கினு இருக்க மாட்டான்டி."

"அப்ப அவன் இன்னா ஆட்டக்காரன்?"

இருமலுக்கு நடுவே சிரித்தீர்கள். அதனால் இன்னும் இருமல்.

பல நாள் அப்படி. ஒரு நாள் அடக்கிவிட்டீர்கள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. கல் எழும்பி, கரும்புள்ளியாகி, அக்கரைப் பக்கம் மணலில் இறங்கியது. சின்னதாகப் புழுதி கிளம்பியது.

"விழுந்துச்சி," என்றீர்கள்.

அதற்கப்புறம் மணலில் முட்டி போட்டு இருமினீர்கள். கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. அக்கா கவணைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "போதும், இந்த வெளையாட்டு நாளையிலேர்ந்து வேணாம்," என்றாள். மறுநாள் சாயங்காலம் அவளே கவணோடு முதலில் புறப்பட்டு வாசலில் நின்றாள்.

மனிதர்களைப் புரிந்துகொள்ள நான் படித்த தத்துவம் எதுவும் உதவவில்லை.

பந்தயத்துக்கு முன்னால் கிருத்திகை வந்தது. நீங்கள் காலண்டரைப் பார்த்தீர்கள். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னீர்கள்: காவடி எடுக்கிறேன். ஏறிச் செலுத்திவிட்டால் வேண்டுதல் தீர்ந்தது. ஷூ போட்டுக்கொள்ளலாம். பட்டணம் போகலாம்.

எவ்வளவு சுலபமான கணக்கு. டாக்டர் கூடாது என்றார். நைனா கூடாது என்றார். அக்கா காவடிக்கு மயிலிறகு வாங்கி வந்தாள். அவள் பயந்தாளா, ஆசைப்பட்டாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மஞ்சள் வேட்டி. தோளில் காவடி. அதில் இரண்டு பால் செம்பு. விடியற்காலைக் குளிரில் படியேற ஆரம்பித்தீர்கள். நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். முதல் மண்டபம்வரை நன்றாகத்தான் போனீர்கள். அதற்குமேல் இரண்டு படிக்கு ஒரு தடவை நின்றீர்கள். பிறகு ஒவ்வொரு படிக்கும். பாதி மலையில், பாறை சரிந்து படியோடு ஒட்டுகிற இடத்தில், காவடியை என் தோளுக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்தீர்கள்.

கூட்டம் நம்மைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. அரோகரா அரோகரா என்று ஒரே சத்தம். மொட்டையடித்த பேரனை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்பிள்ளை குனிந்து பார்த்தாள்.

"இன்னா சாமி, நடுவுலயே குடித்தனம் வெச்சிட்ட?"

"வாடக கம்மி தாயி," என்றீர்கள்.

அவள் சிரித்துக்கொண்டே ஏறிப்போனாள். நீங்கள் எழுந்திருக்கப் பார்த்தீர்கள். முடியவில்லை. இன்னொரு தடவை. உதடு நீலம்பாரித்திருந்தது.

அக்கா என் தோளிலிருந்து காவடியை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "நீங்க எறங்குங்க. நான் கொண்டுபோயி சேத்துட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மயிலிறகு மட்டும் கூட்டத்துக்கு மேலே ஆடி ஆடிப் போனது தெரிந்தது.

பால் போய்ச் சேர்ந்தது. குருக்கள் அபிஷேகம் செய்து விபூதி கொடுத்தார். அக்கா விவரம் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "ஆம்படையான் எடுத்தா என்ன, நீ எடுத்தா என்ன? உடம்பு முடியாதவாளைப் படுத்தறதுக்கா சுவாமி ஒக்காந்திருக்கார்? ஆயிடுத்து, போ," என்றாராம். இறங்கி வீட்டுக்கு வந்து விபூதியை உங்கள் நெற்றியில் பூசினாள். மச்சின்மேலிருந்து தாளில் சுற்றிய ஷூவை எடுத்து உங்கள் முன்னால் வைத்தாள்.

"தீந்துச்சி. போட்டுக்கோங்க."

குருக்கள் விட்டுவிட்டார். வேண்டிக்கொண்டவளே விட்டுவிட்டாள். டாக்டர் முதற்கொண்டு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உலகத்தில் ஒரே ஓர் ஆள் பாக்கி. அந்த ஆள் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பால் சேந்துச்சி," என்றீர்கள். "நான் சேரலை."

"யாரும் கேக்கலியே பாவா."

"கெளம்பினது போயிச் சேரணும் மச்சான். பாதில கைமாத்தி வுட்டுட்டு நம்ம வேல முடிஞ்சிதுன்னு குந்திக்கினா, அது கெடங்குல நான் செஞ்ச வேலதான்."

அன்றைக்கு நான் கத்தினேன். உங்களிடம் நான் சத்தம் போட்ட ஒரே நாள் அது. பாலுக்கும் குண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்றேன். உங்கள் பிடிவாதத்துக்கு முருகன் மேல் பழியைப் போடாதீர்கள் என்றேன். இங்கிலீஷில்கூட ஏதோ சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை. ஷூவை எடுத்துத் தாளில் திரும்பச் சுற்றி அக்காவிடம் கொடுத்தீர்கள். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஷூவை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

உங்கள் மேல்தான் என் கோபம், பாவா. எழுதிக்கொண்டு வரும்போதே தெரிந்துவிட்டது. கிளப் அல்ல. மலை அல்ல. எல்லாக் கதவும் திறந்த பிறகு வாசலில் நின்றுவிட்ட நீங்கள்.

பந்தயத்தன்று காலையில் நாமிருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். வேலி இருக்கும், வெளியே நின்று பார்க்கலாம் என்றீர்கள். எகிப்தில் வேலிக்கு வெளியே நின்றுதானே பார்த்தேன், இங்கே லாரி கிளம்பாது, அதுதான் வித்தியாசம் என்றும் சொன்னீர்கள். வெறுங்காலோடு வந்தீர்கள். தலையில் மப்ளர். அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோறு என் கையில்.

பனி. சிக்னல் விழுந்தது. வண்டி வரும் திசையில் புகை தெரிந்தது. அப்போது இருமல் பிடித்துக்கொண்டது. ஆற்றங்கரையில் பழகினபடி அடக்கிப் பார்த்தீர்கள். துண்டை எடுத்தபோது அதில் சிவப்பு இருந்தது. மடித்துவிட்டீர்கள். நான் பார்த்துவிட்டேன்.

வண்டி வந்து நின்றது.

"நீ ஏறு."

"நீங்க?"

"எனக்கு மூச்சு வரலை. நீ ஏறு மச்சான். போயி பாத்துக்கினு வா."

நான் ஏறவில்லை. எப்படி ஏறுவது? உங்களை அந்தப் பெஞ்சில் அப்படியே விட்டுவிட்டா? வண்டி நின்றது கொஞ்ச நேரம்தான். கார்டு விசிலடித்தார். போய்விட்டது.

நீங்கள் என் கையை உதறினீர்கள். வீடுவரை நின்று நின்று நடந்தீர்கள். வாசலில் ஏறும்போது சொன்னீர்கள்: "ஒருத்தனாவது பாத்திருக்கலாம். இப்ப ரெண்டு பேரும் பாக்கலை."

அதற்கப்புறம் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் எனக்கு அதுதான் உங்கள் கடைசி வார்த்தை போல இருக்கிறது. தைக் கிருத்திகைக்கு முன்னால் போய்விட்டீர்கள். வெறுங்காலோடு.

நியாயம் சொல்லுங்கள். பாதியில் கைமாற்றக் கூடாது என்று ஒரு நாள் பிடிவாதம். சில நாள் கழித்து, நீ போய்ப் பார் என்று என்னை வண்டியில் தள்ளுகிறீர்கள். எது உங்கள் கொள்கை? இரண்டு வருஷமாக இதைக் கேட்க ஆளில்லாமல் திரிகிறேன். தாலுகா ஆபீசில் வேலை கிடைத்தது. தெலுங்கு ஜில்லா என்பதால் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் நாளெல்லாம் நகல் எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே யாராவது புளியங்காய்க்குக் கல்லெறிந்தால் என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. கல் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்ப வருகிறது. பக்கத்து மேஜைக்காரர் கேலி செய்கிறார். ஆற்றங்கரையில் நீங்கள் பழகினீர்கள். பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த நண்பன்தான் இந்த வருஷமும் எழுதினான். இந்தத் தடவை அவனே அங்கத்தினர் ஒருவருக்குச் சொந்தக்காரனாகிவிட்டான். ஒரு சீட்டு போதும் என்று எழுதினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அலமாரி மேல் கிடந்த சீட்டை அக்கா பார்த்திருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மட்டையும் பந்தும் தேதியும் அச்சிட்டிருந்தது போதும் அவளுக்கு.

உங்களுக்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. கிருத்திகையன்று ஊர் முழுக்கக் காவடிச் சத்தம் கேட்கும். அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு அரிசி புடைப்பாள். புடைக்க அரிசி இல்லையென்றால் புடைத்ததையே புடைப்பாள். நைனா ஒரு தடவை ஏதோ சொல்லப்போனார். முறத்தைத் தட்டிய தட்டில் அடங்கிவிட்டார்.

இன்று காலை அவள் பூசி முடிக்கிறவரை நான் நின்றேன். இரண்டையும் ஜோடியாக வைத்து, தூரத்திலிருந்து பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

"நாளைக்குள்ள காஞ்சிடும். போட்டுக்கினு போ."

"பெரிசா இருக்குமேக்கா."

"நுனில துணி வெச்சி அடை. வெறுங்காலோட போயி வாசல்ல நின்னுக்கினு இருக்காத. ஒருத்தர் அப்டி நின்னது போதும்."

அவள் கையில் உலர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பந்து எங்க விழுதுன்னு நல்லா பாத்துக்கினு வா."

"வந்து சொல்றேன்க்கா."

"என்கிட்ட வேணாம். மலை மேல போயி சொல்லு."

"யார்கிட்ட?"

"உசுரோட குடுத்துட்டு திருப்பி வாங்கிக்கினான் இல்ல, அவன்கிட்ட."

கொட்டாங்கச்சியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு அவனிடம் சொல்ல ஒன்றுமில்லை. நம்பிக்கை இருந்தால்தானே சண்டை போடலாம். அந்த வசதிகூட எனக்கு இல்லை. ஆனால் அக்கா சொல்லிவிட்டாள். நானும் மறுக்கவில்லை.

அதனால் நாளை இப்படித்தான் நடக்கும். உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு உங்களுக்கென்று வந்திருக்கவேண்டிய சீட்டைக் காட்டி உள்ளே போவேன். ஆடுகிறவன் நின்றால் நிற்பேன். பந்து எழும்பும். வெயில் கண்ணில் அடித்தாலும் சிமிட்டமாட்டேன். அது எந்தப் புல்லில் இறங்குகிறதோ, உருண்டு எங்கே நிற்கிறதோ, அதுவரை பார்ப்பேன். இதுவும் பாதியில் கைமாற்றினதுதான், பாவா. தெரியும். நீங்கள் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள். ஒப்புக்கொள்ளவேண்டாம்.

திரும்பி வந்து, அடிவாரத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு மலையேறுவேன். பாறை சரிந்து படியோடு ஒட்டுகிற இடம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அங்கே கொஞ்சம் உட்காருவேன். பந்து எங்கே விழுந்ததென்று முதலில் உங்களிடம் சொல்வேன்.

அப்புறம்தான் மேலே போவேன்.